கெசியாவின் வீட்டுப் பைன் மரம்

எங்கள் பள்ளத்தாக்கு எதனால் இங்கிலாந்து அரசருக்கு எதிராகத் திரும்பியது என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தேயிலை என்கிறார்கள் பாஸ்டன் பக்கத்துக்காரர்கள். எங்களைக் கேட்காமல் போட்ட வரி என்கிறார்கள் படித்தவர்கள். முத்திரைத்தாள் சட்டம் என்கிறார் எங்கள் போதகர். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பிக்கரல் ஓடைக் கரையில் நாங்கள் தேயிலையைப் பார்த்தது யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதுதான். வரி போடும் அளவுக்கு எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. எங்களுக்கு அது ஒரு மரத்தில் தொடங்கியது.

மரம் கெசியாவின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. கெசியா விதவை. வசந்தகால வெள்ளத்தில் கட்டைகளை ஆற்றில் விடும்போது அவள் கணவன் கட்டைகளுக்கு இடையில் மாட்டி இறந்துபோனான். அவன் உடம்பை வீட்டுக்குத் தூக்கி வந்தவர் என் கணவர் ஆசகேல். அதிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் கெசியாவுக்கு அது சரிதான். இரண்டு சின்னப் பெண்களோடு அவள் அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். கணவன் தன் கையால் கட்டிய வீடு.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் பெய்த மழை கிளைகளிலேயே கண்ணாடியாக உறைந்தது. எத்தனையோ மரங்கள் முறிந்தன. கெசியாவின் பைன் முறியவில்லை. சாய்ந்தது. ஒரு பக்க வேர் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. மரத்தின் தலை நேராக அவள் கூரைக்கு மேல் நின்றது.

ஊரில் வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்று மாலைக்குள் வெட்டியிருப்பார்கள். வெட்டக்கூடாது என்று சட்டம் இருந்தது, எல்லோருக்கும் தெரியும்; மறைவாக மீறுவார்கள். ஒரு அடிக்கு மேல் பருமனான வெள்ளைப் பைன் எங்கே நின்றாலும் அது அரசருடையது. அவருடைய போர்க் கப்பல்களுக்குப் பாய்மரம் வேண்டும். அனுமதி இல்லாமல் தொட்டால் தண்டம். அதனால் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் தரைப் பலகைகள் ஒரு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்திலேயே இருக்கும். அகலப் பலகைகள் எல்லாம் பரண் மேல் இருக்கும். அதிகாரிகளுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற மாட்டார்கள் என்பது ஊரின் நம்பிக்கை.

என் வீட்டில் பரண் மேலும் குறுகிய பலகைதான். ஆசகேல் எங்கள் தேவாலயச் சபையின் டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பு. அவர் அப்படித்தான்.

கோடாரியோடு முதலில் வந்தவன் கொல்லன் ரூபன் டிராஸ்க். நான் கெசியாவுக்குக் கொஞ்சம் சோள மாவு கொண்டு போயிருந்தேன். ஆசகேலும் கூட வந்திருந்தார்.

"டீக்கனாரே, தள்ளி நில்லுங்க. உங்க கோட்டு அழுக்காயிடும்" என்றான் ரூபன்.

"ரூபன், கேட்டுட்டு வெட்டுவோம்."

"யாரை?"

"மரம் யாரோடதோ அவங்களை."

ரூபன் கோடாரியைத் தரையில் ஊன்றிவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தான். "இங்கிலாந்துல உட்கார்ந்திருக்கிற ராஜாவுக்கு இப்படி ஒரு மரம் இருக்கிறதே தெரியாது, டீக்கனாரே. இதுல அவரோட ஆளுங்க போடுற குறி கூட இல்லை பாருங்க. தெரியாத பொருளை எடுத்தா அவருக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"தெரியாம எடுக்கிறதுக்குப் பேரு என்னன்னு உனக்கே தெரியும். கேட்டா தரமாட்டேன்னா சொல்லப் போறாங்க? ஒரு விதவை வீட்டு மேல சாஞ்சு நிக்குற மரம். இதைப் பார்த்து இல்லைன்னு சொல்ற மனுஷன் இருப்பானா?"

"எழுதிப் பாருங்க. பதில் வர்றதுக்குள்ள மரம் வந்துடும்."

கெசியா வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஐயா சொல்ற மாதிரியே செய்யலாம், ரூபன். காத்து அடிக்கிற நாள்ல நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

அக்கா என்றது என்னை. ரூபன் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். போகும்போது, "எங்க வீட்டுல ராஜா படுத்துக்கிற அளவுக்கு அகலப் பலகை இருக்கு. வந்தா அனுப்பி வைங்க" என்றான். கெசியா சிரித்தாள். ஆசகேலும் கொஞ்சம் சிரித்தார்.

ஆசகேல் அன்றே அரசரின் காட்டு அதிகாரிக்கு எழுதினார். மரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு பருமன், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். துறைமுகப் பட்டணத்துக்குப் போகிற ஒரு வியாபாரியிடம் கொடுத்தனுப்பினார். நாங்கள் சோளம் விதைத்தோம். களை எடுத்தோம். காற்று வீசும் நாட்களில் கெசியா தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போர்வையோடு வந்து எங்கள் அடுப்படியில் படுத்துக்கொள்வாள். மரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது போல எனக்குத் தோன்றும். சொன்னால் ஆசகேலுக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் காட்டு அதிகாரியின் ஆள் வந்தார். பெயர் லார்க்கம். மெலிந்த, மரியாதையான மனிதர். அரசாங்கக் கோட்டின் முழங்கையில் இரண்டு இடத்தில் ஒட்டுத் தையல் இருந்தது. கெசியாவின் சின்னப் பெண் குதிரையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டபோது அவளைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்தார். அதை நான் மறக்கவில்லை, ஏனென்றால் அடுத்து அவர் செய்ததையும் மறக்க முடியவில்லை.

மரத்தைச் சுற்றி வந்து கயிற்றால் அளந்தார். அண்ணாந்து பார்த்தார். "தண்டு எவ்வளவு நேரா இருக்கு பாத்தீங்களா!" என்று அவரை அறியாமல் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கோடாரியை எடுத்து, பட்டையில் மூன்று வெட்டு வெட்டினார். அம்பின் தலை போல ஒரு குறி விழுந்தது. வெட்டுகளிலிருந்து பிசின் வழிந்தது.

ஆசகேல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஐயா, நான் இதை வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருந்தேன்."

"ஆமா. அதனாலதான் வந்தேன். இப்படி ஒரு மரம் இங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி."

வேலியோரம் நின்ற ரூபன் திரும்பிக்கொண்டான். கேலி செய்ய அவனுக்கே மனம் வரவில்லை.

"வெட்டலாமா?" என்று கெசியா கேட்டாள்.

"கூடாதும்மா. குறி போட்டாச்சு. பனி விழுந்ததும் ஒப்பந்தக்காரங்க மாடு பூட்டிட்டு வருவாங்க. அவங்க வெட்டி எடுத்துட்டுப் போவாங்க. வீட்டு மேல விழாம பக்குவமா வெட்டுவாங்க."

"அதுக்கு முன்னாடி விழுந்தா?"

லார்க்கம் கூரையைப் பார்த்தார். அப்போதுதான் கூரையை முதல் முறையாகப் பார்க்கிறார் போல இருந்தது. "நான் மேல சொல்றேன். சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். பதில் வரவில்லை.

அன்று இரவு ஆசகேல் என்னிடம், "நான் கேக்காம இருந்திருந்தா குறி விழுந்திருக்காது, ஹல்டா" என்றார்.

"நல்லதுன்னுதானே கேட்டீங்க."

"நல்லதுன்னுதான் கேட்டேன்" என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அது விழுந்தது. சனிக்கிழமை சூரியன் மறைந்தால் எங்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்கு முன்பே மறுநாள் சாப்பாட்டுக்கு பீன்ஸ் பானையை அடுப்புக்குள் வைத்துவிட வேண்டும். கெசியாவின் அடுப்பு புகைகிறது என்று அவளும் தன் பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்கள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். காற்று ஒன்றும் பெரிதாக இல்லை. திடீரென்று ஒரு நீண்ட சத்தம் கேட்டது, வண்டி ஒன்று பாலத்தின் மேல் போவது போல. கெசியா கையில் இருந்த வெல்லப்பாகுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "என் வீடு" என்றாள்.

போய்ப் பார்த்தோம். புகைபோக்கி மட்டும் பாதி நின்றது. மற்றதெல்லாம் மரத்துக்கு அடியில் கிடந்தது. தறி, தொட்டில், அவள் கணவன் செய்த கட்டில். கோழிகள் இரண்டு செத்துப்போயின. அடுப்புக் கல்லின் மேல் மரம் குறுக்கே படுத்திருந்தது. அம்புக்குறி மேல்பக்கமாகத் தெரிந்தது.

யாரும் சாகவில்லை என்பதற்காக அங்கேயே மண்டியிட்டு ஜெபித்தோம். கெசியாவும் ஜெபித்தாள். எழுந்த பிறகுதான் அழுதாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு எரிந்தாலோ இடிந்தாலோ யாரும் யாரையும் கேட்பதில்லை. உத்தரங்களையும் தூண்களையும் தரையில் கோத்து வைப்பார்கள். பிறகு ஒரு நாளில் ஊர் முழுக்கக் கூடி ஒரே தம்மில் தூக்கி நிறுத்துவார்கள். பெண்கள் சமைப்போம். திங்கட்கிழமை காலையில் எல்லா ஆண்களும் கெசியாவின் முற்றத்தில் இருந்தார்கள். மரமும் அங்கேயே இருந்தது. ஒரு வீட்டுக்கும் ஒரு கொட்டகைக்கும் போதுமான மரம்.

"வீட்டை எடுத்துக்கிட்ட மரம். வீட்டை அதுவே குடுக்கட்டும்" என்றான் ரூபன்.

எல்லோரும் ஆசகேலைப் பார்த்தார்கள். அவர் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவை பொறுங்க. இந்த முறை நானே போய்க் கேக்கறேன்" என்றார்.

"டீக்கனாரே, உங்களுக்கு இன்னும் பத்தலையா?" இதைக் கேட்டது ரூபன் இல்லை, கூட்டத்தில் ஒருவர்.

"பனி வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

துறைமுகப் பட்டணத்துக்கு நடந்தே போனார். நான் கட்டிக் கொடுத்த ரொட்டியில் பாதியைத் திரும்பக் கொண்டு வந்தார், ஏனென்றால் வழியில் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வைத்திருக்கிறார்கள். பட்டணத்தில் அவரை ஒரு மர பெஞ்சில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு எழுத்தர் வந்து, லார்க்கம் போய்ப் பார்த்து முடிவு சொல்வார் என்றார். பெரிய அதிகாரியை ஆசகேல் பார்க்கவே இல்லை. அந்த அதிகாரியின் மேஜைக்கு அப்பால் லண்டன், லண்டனுக்கு அப்பால் யார் என்று அந்த எழுத்தருக்கே தெரியவில்லை.

லார்க்கமும் அவரும் சேர்ந்துதான் திரும்பி வந்தார்கள். மழை பெய்யத் தொடங்கியதும் லார்க்கம் இறங்கி நடந்து, ஆசகேலைக் குதிரையில் உட்காரச் சொன்னாராம். ஆசகேல் மறுத்ததால் இரண்டு பேரும் நடந்து, குதிரை மட்டும் சுகமாக வந்திருக்கிறது.

லார்க்கம் அடிமரத்திலிருந்து நுனி வரை நடந்து பார்த்தார். நடுவில் மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது.

"இது பாய்மரத்துக்கு ஆகாது" என்றார்.

கூட்டம் மூச்சு விட்டது. கெசியா என் கையைப் பிடித்தாள். ரூபன் ஏற்கெனவே உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கோடாரியை எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் லார்க்கம். "ஆகாதுன்னாலும் அது ராஜாவோட மரம். வழக்கு மன்றத்துல சொல்லி, ஏலம் போட உத்தரவு வாங்கணும். கோடைக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் கிடக்கிற இடத்துலயே கிடக்கணும்."

ஆசகேல் அவரிடம் மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"ஐயா, ராஜா இந்த மரத்தை வச்சு என்ன பண்ணுவார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டார்."

"வேற யாராவது?"

"இல்லை."

"அப்போ எதுக்கு?"

லார்க்கமின் முகம் சிவந்தது. "அவரோடதுங்கிறதுக்காக" என்றார். "நான் இதைக் கண்டுக்காம போனா என் வேலை போயிடும், டீக்கனாரே. எனக்குப் பின்னாடி வர்றவன் என்னை விட மோசமா இருப்பான். வேற என்னத்தைச் சொல்ல?"

அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இரக்கம் இருந்தது என்பதையும் நான் சாட்சி சொல்வேன். அந்த இரக்கத்தைக் கொண்டு போய்ச் செலுத்த அவருக்கு மேலே ஒரு கதவு கூட இல்லை, அவ்வளவுதான்.

சத்திரக்காரர் இடமில்லை என்று சொல்லிவிட்டார். சத்திரம் காலியாக இருந்தது ஊருக்கே தெரியும். அதனால் லார்க்கம் எங்கள் வீட்டில் தங்கினார். வீடு போனதிலிருந்து எங்களோடு இருந்த கெசியா அவருக்குச் சாப்பாடு போட்டாள். பெண்கள் முந்தின முறை போலக் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை.

காலையில் விடிந்தும் விடியாத நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். பத்துப் பன்னிரண்டு ஆண்கள். முகத்தில் கரி பூசியிருந்தார்கள், கொல்லன் உலைக் கரி. ஒவ்வொருவர் கையிலும் பிரம்பு போல ஒரு பச்சைப் பிர்ச் மரக் குச்சி. முகத்தை மறைத்தாலும் உருவத்தை மறைக்க முடியுமா? எல்லோரும் ஞாயிறுதோறும் எனக்கு முன்னாலும் பின்னாலும் உட்காருகிறவர்கள்தான்.

"ரூபன், காலைத் துடைச்சுட்டு வா" என்றேன்.

"நான் ரூபன் இல்லை" என்றான் ரூபன். ஆனால் காலைத் துடைத்தான். "அந்த ஆளை வெளிய அனுப்புங்கம்மா. முதுகுல ஒரு அம்புக்குறி போட்டு அனுப்பறோம். அவரும் இனிமே ராஜாவோட சொத்துன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

லார்க்கம் உள்ளே எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கோட்டின் ஒரு கையைத்தான் மாட்டியிருந்தார். நான் ஆசகேலைக் கூப்பிடத் திரும்பினேன். படுக்கையில் அவர் இல்லை. அடுப்படியில் கெசியாவும் இல்லை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. ஈர மரத்தில் பெரிய ரம்பம் ஓடும் சத்தம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற ரம்பம். ஒருவர் தளர்ந்தால் சத்தம் மாறும். மாறி மாறித்தான் கேட்டது.

எல்லோரும் ஓடைப் பாதையில் இறங்கினோம். கரி பூசிய முகங்களோடு அவர்கள், ஏப்ரனோடு நான், கோட்டைப் பாதி மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் லார்க்கம். அவர் வராமல் இருந்திருக்கலாம். வந்தார்.

ஆசகேல் சட்டையை மடித்துவிட்டு மண்டியிட்டு ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மறு முனையில் கெசியா. அம்புக்குறிக்கு ஒரு சாண் தள்ளி அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி மரம் அறுந்திருந்தது. எங்களைப் பார்த்தும் ஆசகேல் நிறுத்தவில்லை.

"டீக்கனாரே!" என்றான் ரூபன்.

"கையில என்ன அது?"

ரூபன் குச்சியைப் பின்னால் மறைத்தான்.

"அதைக் கீழ போடு. அந்த மனுஷரை அடிக்கிறதுக்கு இருக்கிற கை எல்லாம் எனக்கு இங்க வேணும். கெசியாவுக்குத் தோள் ஓஞ்சுடுச்சு, பாரு. வந்து பிடி."

"முகத்தைக் கழுவிட்டு வர்றேன்."

"ஆமா, கழுவிட்டே வா. எல்லாரும் கழுவிட்டு வாங்க. இது மறைச்சுச் செய்ற வேலை இல்லை."

அவர்கள் ஓடைக்குப் போய் முகம் கழுவினார்கள். பெரிய ஆட்கள், வரிசையாகக் குந்தி, குளிர்ந்த தண்ணீரில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. கரி காதோரமெல்லாம் நின்றுகொண்டது. ஒருவர் காதை இன்னொருவர் துடைத்துவிட்டார். குச்சிகள் தண்ணீரில் மிதந்து போயின.

ஆசகேல் எழுந்து லார்க்கமிடம் வந்தார். கைகளில் மரத்தூள்.

"ஐயா, நீங்க எழுதித்தான் ஆகணும்னா எழுதுங்க. ஆசகேல் பிளேக். முதல் பேரா என் பேரைப் போடுங்க."

ரூபன் ஈர முகத்தோடு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றான். "ரூபன் டிராஸ்க். ட்ராஸ்க் இல்லை, டிராஸ்க். போன தடவை எங்கப்பா பேரைத் தப்பா எழுதிட்டாங்க." பிறகு ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். சத்திரக்காரரும் சொன்னார். கெசியாவும் சொன்னாள். லார்க்கம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கடைசி வரை அதை ஒரு முறையும் காகிதத்தில் வைக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று நாங்கள் பிறகு பல தடவை பேசியிருக்கிறோம். ரூபன் அதை மிரட்டல் என்பான். நான் அப்படி நினைக்கவில்லை.

அவர் கிளம்பும்போது குதிரை நொண்டியது. முன்னங்கால் லாடம் ஆடிக்கொண்டிருந்தது. ரூபன் வேலையை விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே குதிரையைத் தன் பட்டறைக்கு நடத்திப் போய்ப் புது லாடம் அடித்துக் கொண்டு வந்தான்.

"நன்றி" என்றார் லார்க்கம்.

"ராஜாவுக்காக இல்லை. குதிரைக்காக" என்றான் ரூபன்.

கெசியா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டிக் கொடுத்தாள். அவர் தயங்கினார். "எடுத்துக்கங்க, வழி நீளம்" என்றாள். எடுத்துக்கொண்டார்.

மரத்தைத் துண்டுகளாக்கி அறுவை ஆலைக்கு இழுத்துப் போனார்கள். பலகை எவ்வளவு அகலம் அறுக்கட்டும் என்று ஆலைக்காரர் கேட்டபோது, கேட்டவரே பதிலையும் சொல்லிக்கொண்டு முழு அகலத்துக்கு அறுத்தார். தூண்களைக் கோடாரியால் செதுக்கிக் கோத்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெயில் நாளில் ஊர் கூடித் தூக்கி நிறுத்தியது. கூரை மூடி மூன்றாம் நாள் பனி விழுந்தது.

அன்று மாலை கெசியா எங்களையும் ரூபன் குடும்பத்தையும் புது வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாள். பச்சை மரத்தின் வாசனை சாப்பாட்டு வாசனையை விட அதிகமாக இருந்தது. உட்கார்ந்தோம். ஜெபம் செய்யும்படி கெசியா ஆசகேலைக் கேட்டாள்.

எங்கள் வீடுகளில் ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உணவுக்காக நன்றி. பிறகு வீட்டாருக்காக. பிறகு நோயாளிகளுக்காகவும் பயணத்தில் இருப்பவர்களுக்காகவும். கடைசியில் அரசருக்காகவும் அவர் கீழ் வேலை செய்பவர்களுக்காகவும். ஆசகேலை மணந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறி நான் கேட்டதில்லை.

உணவுக்கு நன்றி சொன்னார். கெசியாவுக்காகவும் பெண்களுக்காகவும் வேண்டினார். படுக்கையில் இருந்த போதகரின் மனைவிக்காக வேண்டினார். பிறகு ஜெபம் நடுவில் நின்றது.

ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சின்னப் பெண் கரண்டியை எடுத்தாள். அவள் அக்கா கையில் தட்டினாள். ரூபன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். நானும் திறந்திருந்ததால்தான் அது எனக்குத் தெரியும்.

"லார்க்கமைக் காத்தருளும், ஆண்டவரே" என்றார் ஆசகேல். "அவருக்கு நல்ல எஜமானைத் தாரும். ஆமென்."

கொஞ்சம் கழித்து ரூபன், "டீக்கனாரே, ஒருத்தரை விட்டுட்டீங்க போல" என்றான்.

"சாப்பிடு ரூபன், ஆறிடும்" என்றார் ஆசகேல்.

வீட்டுக்குப் பனியில் நடந்து வரும்போது நான் கேட்டேன். "வேணும்னே விட்டீங்களா?"

"இல்லை, ஹல்டா. வார்த்தை வரலை. பொய்யா வேண்டிக்க முடியலை. நாளைக்கு முயற்சி பண்றேன்."

முயற்சி செய்தார். மறுநாளும், அதற்கு அடுத்த நாளும், அந்தக் குளிர்காலம் முழுவதும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வந்ததும் அவர் மூச்சு ஒரு கணம் நிற்கும். பிறகு ஆமென் என்பார்.

மார்ச் மாதம் சம்மன் வந்தது. ஆசகேல் பிளேக் துறைமுகப் பட்டணத்தில் வழக்கு மன்றத்துக்கு வர வேண்டும் என்று இருந்தது. அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. மற்ற யாருடைய பெயரும் இல்லை. அவர் அதை அடுப்பு வெளிச்சத்தில் நிதானமாகப் படித்தார். இரண்டாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

"எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்டேன். ரொட்டி கட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு.

"கிளம்பலை" என்றார். "ஒரு தடவை எழுதிக் கேட்டேன். ஒரு தடவை நடந்து போய்க் கேட்டேன். இனிமே கேக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை, ஹல்டா. அவங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா அவங்க வரட்டும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு, கெசியாவின் வேலி சரிந்திருக்கிறது என்று சொல்லி வெளியே போனார்.